மென்காற்றுக்கான எடைகுறைந்த இரட்டை உடல் பாய்ப்படகு: வன்னிக் கரையில் முதன்முறை வடிவமைப்போருக்கான வழிகாட்டி

முல்லைத்தீவிலோ மன்னாரிலோ பூநகரியிலோ இருந்துகொண்டு, இரண்டு மூன்று பேர் ஏறிச் சில நாட்கள் கரையோரமாகப் பயணம் செய்யக்கூடிய ஒரு இரட்டை உடல் பாய்ப்படகை நீங்களே வடிவமைக்க விரும்பினால், உங்களுக்கு முதலில் நேரும் கஷ்டம் கேட்பதற்கு ஆள் இல்லாததுதான். இங்கே பைபர் படகு கட்டுவதில் கைதேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய அறிவு இயந்திரத்தால் ஓடும் படகைப் பற்றியது. வெளிநாட்டு நூல்களோ பெரும்பாலும் குளிர்நாட்டுப் பெருங்கடலையும் பலத்த காற்றையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டுக்கும் நடுவே நான் மிகவும் சிரமப்பட்டுத் தேடிச் சேர்த்தவற்றை, அடுத்து வருபவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகப் படிமுறையாக எழுதுகிறேன். இதில் வரும் எண்கள் எல்லாம் 7.5 மீற்றர் நீளமான ஒரே உதாரணப் படகுக்குரியவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் அளவுகளை வைத்து அதே கணக்கைச் செய்து பாருங்கள்.

1. எந்தக் காற்றுக்கு, எந்தக் கரைக்கு என்று முதலில் எழுதிவையுங்கள்

மன்னார்ப் பக்கத்தில் சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வைகாசி முதல் புரட்டாதி வரை பலமாக வீசும். முல்லைத்தீவுப் பக்கத்தில் மாரியில் வாடைக்காற்றும் அலையும் சேர்ந்து கரையை மூடிவிடும். இவ்விரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஐப்பசியிலும் காற்று மெலிந்து, திசை மாறி, சில வேளை முற்றாக நின்றும் விடும். மென்காற்றுப் படகு என்பது மணிக்கு 4 முதல் 10 கடல்மைல் வேகத்தில், அதாவது 4 முதல் 10 நொட் வேகத்தில் வீசும் காற்றில் இயந்திரத்தைத் தொடாமல் ஓட வேண்டிய படகு. பலத்த காற்றில் அது பாயைச் சுருக்கிக்கொண்டு பாதுகாப்பாகத் திரும்பி வந்தால் போதும், வேகம் காட்டத் தேவையில்லை. இந்த இரண்டு வசனங்களையும் தாளில் எழுதி, வரைபலகைக்கு மேலே ஒட்டிவையுங்கள். பின்னர் ஒவ்வொருவரும் வந்து "இதையும் சேர்க்கலாமே" என்று சொல்லும்போது உங்களுக்கு அது உதவும்.

மென்காற்றில் எவ்வளவு விசைதான் கிடைக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 6 நொட் காற்றில் 28 சதுர மீற்றர் பாய் முழுவதும் சேர்ந்து தரும் விசை ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமம், அதாவது ஒரு பை சிமெந்தின் எடையில் பாதியும் இல்லை. அதிலும் ஒரு பங்குதான் படகை முன்னே தள்ளும், மிச்சம் பக்கவாட்டில் போய்விடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால், 12 நொட்டில் எந்தப் படகும் ஓடும். 6 நொட்டில் ஓடுவதற்கு எடையும் உராய்வும் குறைய வேண்டும், வேறு வழி கிடையாது.

2. வரைவதற்கு முன் எடைத்தாளை எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். பெரும்பாலானோர் அழகான பக்கத்தோற்றம் ஒன்றை முதலில் வரைந்துவிட்டு, அதன் எடை என்ன என்று கடைசியில் கூட்டிப் பார்க்கிறார்கள். அப்போது கூட்டுத்தொகை, படகு எதுவரை அமிழும் என்று வரைந்த தண்ணீர்க்கோட்டுடன் ஒத்துவராது. திருத்த மனமும் வராது.

என் உதாரணப் படகின் எடைத்தாள் கிலோவில் இப்படி அமைகிறது. உடல்கள் இரண்டும் 250, குறுக்குச் சட்டங்கள் 65, நடுத்தளமும் வலையும் துணிக்கூடாரமும் 35, பாய்மரம், பருமல் (பாயை விரித்துப் பிடிக்கும் குறுக்குத்தண்டு), கம்பிகள், பாய்கள் எல்லாம் சேர்த்து 75, சுக்கான்களும், படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்க நீருக்குள் கீழிறங்கும் பலகைகளும் 40, சிறிய இயந்திரமும் எரிபொருளும் 45, நங்கூரம், சங்கிலி, கயிறு 35, மின்கலமும் சூரியப் பலகையும் விளக்குகளும் 25, உயிர்காப்பு அங்கிகளும் கருவிகளும் முதலுதவிப் பெட்டியும் 30, அடுப்பு, பாத்திரம், படுக்கை 40. இதுவரை 640. ஆட்கள் மூவர் 210, குடிநீர் 60, உணவு 30. இப்போது 940. இதற்கு மேல் 60 கிலோவை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள். மொத்தம் 1,000 கிலோ.

அந்த 60 கிலோவில் கைவைக்காதீர்கள். வர்ணம், ஆணி, பசை, ஈரம் உறிஞ்சிய மரம், "சின்னச் சாமான்தானே" என்று ஏற்றியவை எல்லாம் சேர்ந்து அதை எப்படியும் தின்றுவிடும்.

எடைக்கும் பாய்க்கும் உள்ள பொருத்தத்தை அளக்க ஒரு எளிய வழி உண்டு. பாயின் பரப்பைச் சதுர மீற்றரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தைக் காணுங்கள். ஏற்றிய படகின் எடையைக் கிலோவில் எடுத்து அதன் கனமூலத்தைக் காணுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 2.52 ஆல் பெருக்குங்கள். இதைப் பல உடற் படகுகளைப் பற்றி எழுதுவோர் புரூஸ் எண் என்பார்கள். 1.0 அளவில் உள்ள படகு மென்காற்றில் சோம்பிக் கிடக்கும். 1.3 ஐத் தொட்டால் நன்றாக ஓடும். 28 சதுர மீற்றர் பாயும் 1,000 கிலோ எடையும் 1.33 தருகின்றன.

இதே படகு 1,400 கிலோ ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எண் 1.19 ஆக விழுகிறது. பழைய எண்ணை மீட்க 35 சதுர மீற்றர் பாய் தேவை. அதைத் தூக்க உயரமான பாய்மரம், அதைத் தாங்கத் தடித்த கம்பி, கம்பியின் இழுவையைத் தாங்கப் பாரமான குறுக்குச் சட்டம், எல்லாவற்றையும் மிதக்கவைக்கப் பருத்த உடல் என்று ஒன்றின் பின் ஒன்றாக எடை ஏறும், செலவும் கூடவே ஏறும். எடையைக் குறைத்தால் இதே சங்கிலி மறுபக்கமாக உங்களுக்கு உதவும்.

தொங்கு தராசு ஒன்றை வாங்கிப் பட்டறையின் நடு வளையில் கட்டிவிடுங்கள். பட்டறைக்குள் வரும் ஒவ்வொரு பலகையையும் நிறுத்து, எடைத்தாளில் எதிர்பார்த்த எடைக்குப் பக்கத்தில் உண்மை எடையை எழுதுங்கள்.

3. உடலின் வடிவம்

மென்காற்றில் படகைத் தடுப்பது பெரும்பாலும் தண்ணீரின் உராய்வே. அலை எழுப்புவதால் வரும் தடை வேகம் கூடிய பின்னரே பெரிதாகிறது. எனவே ஒரே எடையைத் தாங்கிக்கொண்டு மிகக் குறைந்த பரப்பை நனைக்கும் வடிவம் வேண்டும். குறுக்குவெட்டில் அது அரைவட்டம். ஆனால் தட்டையான பிளைவூட்டை அரைவட்டமாக வளைப்பது புதியவருக்கு ஏற்ற வேலை அன்று.

இங்கேதான் கணக்குப் பார்த்தால் மனம் மகிழும் செய்தி கிடைக்கிறது. நடுவில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாகச் சம அகலமுள்ள மூன்று தட்டைப் பலகைகளைச் சேர்த்து, அரை அறுகோணமாக நீரடிப் பகுதியை அமைத்தால், நனையும் சுற்றளவு அரைவட்டத்தை விட 5 வீதம் மட்டுமே கூடுகிறது. ஆழமான கூரிய வி வடிவம், அதாவது அடியில் 60 பாகைக் கோணம் உள்ள வடிவம், 20 வீதத்துக்கு மேல் கூட்டுகிறது. ஆழமும் 45 சென்ரிமீற்றரை எட்டிவிடும். வி வடிவம் கட்டுவதற்கு எளிது, பலகை இறக்காமலே ஓரளவு காற்றை எதிர்த்து ஏறும் என்பதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற ஆழமற்ற களப்புகளையும் மென்காற்றையும் சேர்த்துப் பார்த்தால், என் தீர்ப்பு மூன்று பலகை வடிவத்துக்கே.

உதாரணப் படகில் ஒவ்வொரு உடலும் 500 கிலோவைத் தாங்க வேண்டும். கடல்நீர் கன மீற்றருக்கு ஏறத்தாழ 1,025 கிலோ என்பதால் 0.49 கன மீற்றர் நீரை அது இடம்பெயர்க்க வேண்டும். தண்ணீர்க்கோட்டு நீளம் 7.2 மீற்றர், நடுப்பகுதியில் தண்ணீர்க்கோட்டு அகலம் 60 சென்ரிமீற்றர், ஆழம் ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர். நீளத்தை அகலத்தால் வகுத்தால் 12. பயணப் படகுக்கு இந்த விகிதம் 10 முதல் 12 வரை இருப்பது நல்லது, 8க்குக் கீழே போகவிடாதீர்கள். இந்த உடல்கள் இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு 63 கிலோவுக்கும் 1 சென்ரிமீற்றர் தாழும்.

இந்தக் கடைசி எண்ணை வைத்தே பின்முனையை வரையுங்கள். பின்முனையின் அடிவிளிம்பு, முழு எடை ஏற்றிய நிலையிலும் தண்ணீருக்கு 2 அல்லது 3 சென்ரிமீற்றர் மேலே நிற்க வேண்டும். அது நீருக்குள் அமிழ்ந்தால் பின்னால் சுழல்நீர் இழுபட்டு, மென்காற்றில் படகு கட்டிவைத்தது போல நின்றுவிடும். 150 கிலோவை அசட்டையாக மேலதிகமாக ஏற்றினாலே அந்த இடைவெளி போய்விடும். இயந்திரமும் எரிபொருளும் நங்கூரமும் ஆட்களும் பின்பக்கம் கூடிவிட்டால் இன்னும் விரைவாகப் போய்விடும். ஆகவே குடிநீர்க் கலன்களையும் மின்கலத்தையும் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே வையுங்கள். அணியத்திலும் (முன்முனையிலும்) பின்முனையிலும் காற்றடைத்த அறைகளைத் தவிர எதுவும் வேண்டாம்.

கணக்கைச் சரிபார்க்க டெல்ஃப்ட்ஷிப் போன்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு போதுமானது. அதற்கு மேலாக ஒரு மாதிரியைக் கட்டாயம் செய்யுங்கள். பத்தில் ஒரு பங்கு அளவில், 75 சென்ரிமீற்றர் நீளத்தில், ரெஜிபோமிலோ தடித்த மட்டையிலோ செய்து மெழுகு பூசுங்கள். நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்று என்பதால், 1,000 கிலோப் படகின் மாதிரி சரியாக 1 கிலோ இருக்க வேண்டும். குறையும் எடைக்கு மணலைச் சிறு பொலித்தீன் பைகளில் கட்டி, ஆட்கள் இருக்கும் இடத்தில் ஒரு பை, இயந்திரம் இருக்கும் இடத்தில் ஒரு பை என்று எடைத்தாளின்படி வையுங்கள். கிணற்றடிச் சிமெந்துத் தொட்டியில் மிதக்கவிட்டு, நீங்கள் வரைந்த கோட்டில் தண்ணீர் நிற்கிறதா, பின்முனை தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு பையைப் பின்னுக்கு நகர்த்தியதும் பின்முனை நீரில் அமிழ்வதைக் கண்ணால் காணலாம். வீட்டிலுள்ளவர்களுக்கு எடைக் கட்டுப்பாட்டை விளங்கப்படுத்தவும் இதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

4. அகலமும் கவிழ்வு எல்லையும்

இரட்டை உடற் படகு தன் அகலத்தால் நிமிர்ந்து நிற்கிறது. ஒருமுறை கவிழ்ந்தால் தானாக நிமிராது. எனவே எந்தக் காற்றில் ஒரு உடல் தண்ணீரை விட்டு எழும் என்பதை நீங்கள் எண்ணாக அறிந்திருக்க வேண்டும்.

இரு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 3.6 மீற்றர் என்று வைத்தால், நிமிர்த்தும் திருப்புதிறன் 1,000 கிலோவை 1.8 மீற்றரால் பெருக்கிய 1,800 (கிலோ × மீற்றர்). பாயின் விசை மையம் நீரடித் தாங்குமையத்துக்கு (பக்கவாட்டு விசையை உடலும் பலகையும் நீருக்குள் தாங்கும் புள்ளிக்கு) 4.5 மீற்றர் மேலே இருந்தால், 400 கிலோ விசையில் ஒரு உடல் எழும். 28 சதுர மீற்றர் பாயில் அந்த விசை ஏறத்தாழ 27 நொட் காற்றில் உண்டாகும். ஆனால் வீச்சுக் காற்று சராசரியை விட ஒன்றரை மடங்கு வரை உயரக்கூடும் என்பதால், 16 அல்லது 17 நொட்டிலேயே பாயை முதற்படியாகச் சுருக்கிவிட வேண்டும். ஆட்களும் பொருட்களும் குறைந்து படகு 780 கிலோவில் ஓடும்போது அந்த 27 என்பது 24 ஆகக் குறைகிறது. வெறும் படகே கவனமாக ஓட்டப்பட வேண்டிய படகு. இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் கணக்கு அப்படித்தான்.

இந்த அளவில் படகின் முழு அகலம் 4.4 மீற்றராகிறது. அதைக் கட்டியபடியே வீதியால் கொண்டுபோக முடியாது. குறுக்குச் சட்டங்களைக் கழற்றிப் பூட்டும் விதமாக வடிவமைத்து, இரு உடல்களையும் தனித்தனியே லொறியில் ஏற்றுங்கள். கழற்றிப் பூட்டும் இணைப்புகளே படகின் மிக அதிகமான சுமையைத் தாங்கும் இடங்கள். அவற்றின் வரைபடத்தை மட்டுமாவது கடற்கலக் கட்டமைப்பு அறிந்த பொறியியலாளர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 6 மீற்றருக்கு மேற்பட்ட பாய்ப்படகுகளின் நிலைப்புக்கு ஐஎஸ்ஓ 12217-2 என்ற நியமம் உண்டு. அவரிடம் அதன் பெயரைச் சொல்லுங்கள்.

நடுத்தளத்தைப் பலகையால் மூடி அறை கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். இந்த நீளத்தில் வேண்டாம். பாக்குநீரிணையின் குறுகிய செங்குத்தான அலைகள் தாழ்ந்த தளத்தை அடியிலிருந்து அறையும். அறையின் சுவர் காற்றைத் தடுக்கும், எடையும் கூடும். உடலுக்குள் ஒவ்வொருவர் படுக்கலாம், மூன்றாமவர் நடுவில் துணிக்கூடாரத்தின் கீழ் படுக்கலாம்.

5. பாய்

பெரும்பாய் 18, முன்பாய் 10 சதுர மீற்றர் என்று பிரியுங்கள். தரையை ஒட்டிய காற்று மெதுவானது. 10 மீற்றர் உயரத்தில் 3 மீற்றர் உயரத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடுதலாக இருக்கும், அழுத்தத்தில் அது 40 வீதம். எனவே மென்காற்றுக்கு உயர்ந்த பாய் நல்லது. ஆனால் உயரம் கூடும்போது மேலே நாலாம் பகுதியில் உள்ள 4.5 மீற்றரும் கூடுகிறது என்பதை மறக்காமல் இரண்டையும் மாறி மாறிக் கணக்கிடுங்கள்.

இவற்றுடன் மெல்லிய நைலோன் துணியில் 25 சதுர மீற்றர் அளவில் ஒரு மென்காற்றுப் பாயை வடிவமைப்பிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னர் பொருத்தலாம் என்று விட்டால் அதற்கான முன்தண்டும் கயிற்று வழியும் அமையாது. 10 நொட்டுக்கு மேல் அதை இறக்கிவிட வேண்டும் என்று பாயின் மூலையிலேயே எழுதித் தைப்பியுங்கள்.

6. பலகையும் சுக்கானும்

கௌதாரிமுனை, கிராஞ்சி, வலைப்பாடு பக்கங்களில் கடலட்டைப் பண்ணை வேலிகளும் நண்டு வலைகளும் களங்கண்டிகளும் (கம்பு நட்டுக் கட்டிய வலைகளும்) உள்ளன. பல இடங்களில் சாதாளை என்னும் கடற்புல் அடர்ந்திருக்கும். நேராக மேலிருந்து செருகும் பலகை எதிலாவது முட்டினால் உடலைப் பிளந்துவிடும். சுழலச்சில் பின்னோக்கி மடியும் பலகையும், அதேபோல் மடியும் சுக்கானும் வையுங்கள். இறக்கிய நிலையில் 1.1 மீற்றர் ஆழம் போதும். சுக்கானுக்கும் உடலுக்கும் இடையே வலைக்கயிறு நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது.

7. பொருட்கள்

நீங்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய முதலாவது பொறி மரம். வன்னியில் மரம் என்றால் முதிரையும் பாலையும்தான் நினைவுக்கு வரும், தச்சரும் அன்போடு அதையே சொல்வார். முதிரையின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியை நெருங்குவது, பாலை தண்ணீரில் தாழ்வது. வீட்டு நிலைக்கும் கதவுக்கும் நிகரில்லாத மரங்கள், இந்தப் படகுக்கு ஆகாதவை. நீளச் சட்டங்களுக்கு மலைவேம்பு போன்ற எடைகுறைந்த, முடிச்சில்லாத, நன்றாகக் காய்ந்த மரத்தைத் தேடுங்கள். எப்பொக்சியால் முழுமையாக மூடினால் அது நிலைக்கும். மரம் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் தேவையா என்பதை வாங்கும் முன்பே வனத் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டாவது பொறி பிளைவூட். கடைகளில் கடற்பாவனைக்குரியது என்று முத்திரையிட்டு விற்பவை எல்லாம் அப்படிப்பட்டவை அல்ல. பிஎஸ் 1088 சான்றிதழைக் கேளுங்கள். ஒரு துண்டை வெட்டிப் பல மணிநேரம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மீண்டும் கொதிக்கவையுங்கள். அடுக்குப் பிரிந்தால் அந்தக் கட்டு முழுவதையும் திருப்பிக் கொடுங்கள். வெட்டுமுகத்தில் உள்ளடுக்குகளிடையே ஓட்டைகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். ஒக்கூமே மரத்தாலான 6 மில்லிமீற்றர்ப் பலகை, எட்டடிக்கு நாலடி அளவில், ஏறத்தாழ 8.5 கிலோ இருக்கும். 11 கிலோவுக்கு மேல் காட்டினால் அது வேறு மரம். இருபது பலகையில் அந்த வேறுபாடு 50 கிலோ.

மூன்றாவது பசை. பைபர் படகுக்குப் பாவிக்கும் பொலியெஸ்ரர் பிசின் மலிவானது, முல்லைத்தீவிலேயே கிடைக்கும். ஆனால் மரத்தில் அது நம்பகமாகப் பிடிக்காது, சில ஆண்டுகளில் உரிந்து உள்ளே நீர் புகும். எப்பொக்சிதான் வேண்டும். எங்கள் வெயிலில் அது மிக விரைவாக இறுகும். வெப்பம் 10 பாகை கூடினால் கையாளும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும் என்று கொள்ளுங்கள். மெதுவாக இறுகும் கடினமாக்கியைக் கேட்டு வாங்குங்கள். காலை வேளையில் வேலை செய்யுங்கள். கலந்த உடனே ஆழமில்லாத தட்டில் ஊற்றிவிடுங்கள், கோப்பையில் குவிந்து நின்றால் தானே சூடேறிப் புகைக்கும். ஈரப்பதன் மிகுந்த நாட்களில் இறுகிய மேற்பரப்பில் மெழுகு போன்ற படலம் வரும். அதைச் சுத்த நீரால் கழுவித் துடைத்த பிறகே அடுத்த பூச்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், எப்பொக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் ஆயுள் முழுவதும் நிற்கும்.

வெளிப்புறத்துக்குச் சதுர மீற்றருக்கு 200 கிராம் கண்ணாடியிழைத் துணி போதும். தடித்த கண்ணாடியிழை விரிப்பைப் போடுமாறு சொல்வார்கள். அடித்தளத்தில் மணலில் உரசும் பட்டிக்கு மட்டும் அந்தப் பேச்சைக் கேளுங்கள்.

8. செலவும் காலமும்

ரூபாய்க் கணக்கை நான் இங்கே எழுதவில்லை, நாணய மாற்றும் இறக்குமதி வரியும் மாறும்போது அது உங்களைத் தவறாக வழிநடத்தும். அளவுகளைத் தருகிறேன், விலையை நீங்கள் அன்றன்று கேளுங்கள்: 6 மில்லிமீற்றர்ப் பிளைவூட் ஏறத்தாழ 20 பலகை, எப்பொக்சி 55 முதல் 60 கிலோ, 200 கிராம் துணி 50 சதுர மீற்றர். உடல்களுக்கான செலவைப் படகின் செலவாக நினைத்துவிடுவதே பெரிய பொறி. உடல்கள் மொத்தத்தில் மூன்றிலொரு பங்களவே. பாய்மரம், பாய், கம்பி, கயிறு, கப்பி எல்லாம் சேர்ந்து இன்னொரு பங்கு. மிச்சம் இயந்திரம், நங்கூரம், மின், பாதுகாப்புச் சாதனங்கள். உடல்கள் முடிந்து பணமும் முடிந்து, தென்னோலைக் கொட்டிலில் கறையான் ஏறிக் கிடக்கும் படகுகள் இதனால்தான் உண்டாகின்றன. பாய்மரத்துக்கும் பாய்க்கும் உரிய பணத்தை முதலிலேயே வங்கியில் தனியாக இடுங்கள்.

எப்பொக்சியின் கடினமாக்கி அரிக்கும் இரசாயனம் என்பதால் விமானச் சரக்கில் சாதாரணமாக ஏற்றமாட்டார்கள், கப்பலில்தான் வரும். எனவே அதை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கேளுங்கள்.

மாரி மாதங்களில் வரைதல், கணக்கு, மாதிரி. மாசி பிறந்ததும் ஒட்டு வேலை. ஆவணிக்குள் உடல்கள் மூடப்பட்டுப் பூச்சு முடிய வேண்டும். அடுத்த மாரியில் கூரையின் கீழ் பாய்மரம், கயிறு, மின் வேலைகள். அடுத்த பங்குனியில் கடலில் இறக்கலாம். கார்த்திகை, மார்கழியில் கடலில் இறக்கும் எண்ணமே வேண்டாம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறியதை மறந்திருக்கமாட்டீர்கள்.

9. ஆவணங்கள்

படகு மீன்பிடிக்கா, சொந்தப் பயணத்துக்கா, சுற்றுலாப் பயணிகளை ஏற்றவா என்பதை முதலில் தீர்மானியுங்கள், எந்த அலுவலகத்துக்குப் போவது என்பது அதைப் பொறுத்தது. மீன்பிடிப் படகுகள் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல்வளச் சட்டத்தின் கீழ் கடற்றொழில் திணைக்களத்தில் பதியப்படுகின்றன. மற்றவற்றுக்கு 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற்றுறைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் கொழும்புச் செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டத் தொடங்கும் முன்பே கேட்பது முக்கியம். கட்டி முடித்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட முடியாது.

ஒரு கோப்பில் இவற்றைச் சேருங்கள்: மூன்று தோற்ற வரைபடம், பாய் வரைபடம், எடைத்தாள், கவிழ்வுக் கணக்கு, பொறியியலாளரின் கையெழுத்து, பிளைவூட் சான்றிதழ், எல்லாப் பற்றுச்சீட்டுகளும், சுங்கப் பத்திரங்கள், இயந்திரத்தின் தொடரிலக்கம், ஒவ்வொரு கட்டத்திலும் திகதியுடன் எடுத்த படங்கள். மூன்று பிரதி வைத்திருங்கள். கடல்வானொலி வாங்குவதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

இடங்களைப் பற்றியும் கவனம் தேவை. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, விடத்தல்தீவு, நந்திக்கடல், நாயாறு இயற்கை ஒதுக்கங்கள், கொக்கிளாய்ச் சரணாலயம் ஆகியவை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் உள்ளவை. அங்கே படகு இறக்கவும் ஓட்டவும் முன் அனுமதி கேளுங்கள். 1974, 1976 ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட இந்திய எல்லைக்கோடு தலைமன்னாருக்கு அப்பால் மிக அருகில் இருக்கிறது. காற்று நின்று நீரோட்டம் இழுத்தால் பாய்ப்படகு அறியாமலே கடந்துவிடும். அந்தப் பக்கத்தில் இயந்திரம் இல்லாமல் ஓட வேண்டாம்.

புறப்படுமுன் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்தாரிடமும் வாடியில் உள்ளவர்களிடமும் போய்ப் பேசுங்கள். "அண்ணை, இந்தப் பக்கம் வலை எங்கே கிடக்கு?" என்று கேட்டால், எந்த வரைபடத்திலும் இல்லாததை அவர்கள் மணலில் கோடு போட்டே காட்டிவிடுவார்கள். கடற்படை முகாமுக்கும் ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள்.

10. முதல் ஓட்டம்

முதல் நாள் பாய் இல்லாமல் மிதக்கவிட்டு, முழு எடையையும் ஏற்றி, தண்ணீர்க்கோட்டையும் பின்முனையையும் அளந்து எடைத்தாளில் எழுதுங்கள். 2 சென்ரிமீற்றர் கூடுதலாகத் தாழ்ந்திருந்தால் 126 கிலோ எங்கோ ஏறியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து இறக்கும் வரை பாயைத் தொடாதீர்கள். இரண்டாம் நாள் காலையில், 8 நொட்டுக்குக் குறைந்த காற்றில், களப்பின் கரை ஓரமாக ஓட்டுங்கள். பாயில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, அவை இரு பக்கமும் பின்னோக்கிப் பறக்குமாறு கயிற்றைச் சரிசெய்யுங்கள். மென்காற்றில் பாயை இறுக்கித் தட்டையாக்காமல் சற்றுக் குழிவாக விடுங்கள். எடைகுறைந்த படகு திசை திரும்பும்போது வேகத்தை உடனே இழந்துவிடும் என்பதால், திரும்பும் முன் வேகம் எடுத்து, சுக்கானை மெதுவாகத் திருப்பி, முன்பாயைக் காற்று மறுபக்கம் பிடித்த பிறகே விடுங்கள்.

படகை நீரிலேயே விட்டால் சில கிழமைகளில் பாசியும் கொட்டலசும் ஏறி, மூன்றாம் படியில் நீங்கள் சேமித்த உராய்வை எல்லாம் திருப்பி வாங்கிவிடும். ஓட்டம் முடிந்ததும் உருளையில் வைத்துக் கரைக்கு ஏற்றி, நன்னீரால் கழுவி, உடல்களின் மூடிகளைத் திறந்து காற்றோட விடுங்கள்.